திறந்து கிடந்த முனை

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் ஏணியும் தோளுமாகத் திரிந்த கேபிள்காரனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவன் கம்பெனியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

யாராவது வீட்டைக் காலி செய்தால், அங்கே போகும் கேபிள் வயரைக் கம்பத்திலிருந்து கழற்ற மாட்டான். வீட்டுப் பக்கத்து முனையை மட்டும் சுருட்டிச் சுவரில் தொங்கவிடுவான். அடுத்துக் குடிவருபவர்களுக்கு அரை மணியில் படம் வந்துவிடும். இந்தச் சாமர்த்தியத்தைக் கம்பெனியே மெச்சியது.

பிறகு சேனல் எல்லாம் இன்டர்நெட் வழியாக வரும் என்றார்கள். வயர் பழசு, பெட்டி புதுசு. முன்பெல்லாம் படம் தானாக வந்து கொட்டியது. இப்போது வீட்டுப் பெட்டி அதே வயரில் அடுத்த துண்டை அனுப்பச் சொல்லித் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பது போய்ச் சேராவிட்டால் படம் அப்படியே நின்றுவிடும். ஏணியில் ஏறுகிறவனுக்கு இதை ஒரு பாவியும் சொல்லவில்லை. பெட்டியை நீட்டி, மாட்டிவிட்டு வா என்றார்கள்.

ஒரு தெருவில் நாற்பது வீட்டிலும் படம் நின்று நின்று வந்தது. தையல்கடைக்காரி அவனை வாசலில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர். ஐம்பது வயதில் வேறு யார் இவனுக்கு வேலை கொடுப்பார்கள்?

சிக்னல் பார்க்கும் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பம் கம்பமாக ஏறி ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தான். வியாழன் மதியம் ஒரு வயரைக் கழற்றியதும் தெரு முழுக்கப் படம் நிற்காமல் ஓடியது. அந்த வயர் போய் நின்றது ஒரு பூட்டிய வீட்டுச் சுவரில். முனை சுருட்டித் தொங்கியது, அவன் கைச்சுருட்டல். மூடி மாட்டாமல் விட்ட அந்த முனை வெளியிலிருந்த இரைச்சலையெல்லாம் உள்ளே இழுத்து, நாற்பது வீட்டுப் பெட்டியும் கேட்டதை அமுக்கியிருக்கிறது.

வயரை வீட்டுக்காரன் அறுத்துவிட்டதாக எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். "பூட்டுன வீடு. யாரு வந்து கேக்கப் போறா?"

அவர் பேச்சை இவன் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினான். "முனையைத் திறந்து விட்டது நான். மூட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் கம்பெனி சொல்லித்தரவில்லை."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைக்கத் தெரியாதவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கோபப்படவில்லை.

"எல்லாத் தெருவுலயும் எங்காளுங்க இப்படித்தான்க்கா விட்டு வச்சிருக்காங்க. ரெண்டாவது வரிக்காகத்தான் மொத வரியவே எழுதுனேன்."

திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். முதல் வரியை எழுத்து மாறாமல் போட்டிருந்தார்கள். அடுத்ததையும் படி என்றான். கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.