இருபத்திரண்டாம் நாள் கொட்டிய பெற்றோல்

வீட்டிலேயே ஒருவர் கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய விமானத்தின் எரிபொருள் குழாய்க்கு எந்த றப்பர் தாங்கும் என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு. யுத்தத்தின் கடைசி வருடங்கள். புலிகளின் சிறிய விமானங்கள் வந்து குண்டு போட்டதிலிருந்து கொழும்பு வானத்தைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியிருந்தது. என்னைப் போன்ற கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண்ணின் பையில் விமான எரிபொருள் தாங்கியின் வரைபடம் இருந்தால் செக்பொயின்டில் என்ன ஆகும் என்று தலைப்பைத் தந்த விரிவுரையாளர் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தந்த வேலையை முடியாது என்று திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது. தவிர, வகுப்பில் முதல் ஆறு பேருக்குத்தான் விமானக் கொட்டகையில் பயிற்சி. அந்த ஆறில் நான் இருக்க வேண்டும்.

வேலை என்னவோ எளிதுதான். நான்கு வகைக் குழாய்களை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப் பெற்றோலில் ஆறு கிழமை ஊறவைத்து, கிழமைக்கு ஒருமுறை அளக்க வேண்டும். விமானப் பெற்றோலைத் தாங்கும் றப்பர் எல்லாம் காருக்கு அடிக்கும் பெற்றோலைத் தாங்காது. சிலது வீங்கும். சிலது கரைந்து, கறுப்புத் தூளாக எஞ்சினுக்குப் போய் அடைக்கும். வானத்தில் அடைத்தால் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க முடியாது.

பாதுகாப்புக் காரணத்தால் ஆய்வுகூடத்தில் பெற்றோல் வைக்கக்கூடாது, வீட்டில் வைத்துச் செய் என்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்று கேட்கத் தோன்றியது. எங்கள் வரிசை வீடுகளில் திரீவீலர் ஓட்டும் மாமா தன் வண்டியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் இறக்கித் தந்தார். நான்கு ஜாம் போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டி, கொல்லைப்புறம் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தேன்.

முன்பெல்லாம் அம்மா, "எம்மக ப்ளேன் படிக்கிது" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் அது "மெக்கானிக்கு படிக்கிது" என்று மாறியிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் பின்னேரம் நான் வீடு திரும்பியபோது, போத்தல்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. குழாய்த் துண்டுகள் சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டு, தகரக் கூரையில் அப்பளம் போலக் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னாம்மா செஞ்சீங்க?"

"செக்கிங் வருதாம். நாலு போத்தல் பெட்ரோல வச்சிக்கிட்டு ஆமிக்காரன்கிட்ட றப்பர் கத சொல்லுவியா நீ? சாக்கடைக் கானுக்குள்ள ஊத்திட்டேன்."

"மூணு கெழம வேல!"

"ஒன்னைய கூட்டிட்டுப் போயிட்டா எத்தன கெழம நான் அலையணும்?"

அன்று அடுத்த வரிசையோடு தேடுதல் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வரவேயில்லை. எனக்கு அழுகை வந்தது அதற்குத்தான்.

மறுபடி தொடங்க நாள் இல்லை. திரீவீலர் மாமாவும், "இனி வேணாம் பாப்பா, கேக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டார். காய்ந்த துண்டுகளையும் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்துத் தோழியிடம் போனேன்.

"மூண்டு கிழமை அளந்தனிதானே? கிராப்பில அதே கோட்டை நீட்டி மிச்சத்துக்கு இலக்கத்தைப் போடு. ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாப்பேன்."

"உன்ர நேர்மையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வை. ஆறு பேர் எண்டது ஞாபகம் இருக்கே?"

அவளுடைய மேசையில் வைத்தே காய்ந்த துண்டுகளை அளந்தேன். நான்கு வகையில் இரண்டு கறுப்பு. அதில் ஒன்று பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. மற்றக் கறுப்பு, முதலில் இருந்ததைவிடச் சுருங்கியிருந்தது. வளைத்தால் பிளந்தது. பெற்றோல் இருக்கும் வரை வீங்கி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். தாங்கி காலியாகி, விமானம் பல நாள் சும்மா நின்றால் காய்ந்து தளர்ந்துவிடும். அடுத்த முறை பறக்கும்போது மூட்டில் கசியும். யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதில் என் கையில் இருந்தது. ஆனால் சாதாரணக் கடைக் குழாயும் விலைகூடிய எரிபொருள் குழாயும் இரண்டுமே கறுப்பு, ஒரே பருமன். பெயர்களைப் போத்தல்களில்தான் ஒட்டியிருந்தேன்; கழுவிக் கலந்துவிட்ட துண்டுகளில் எது எது என்று சொல்ல எதுவும் இல்லை. பிளந்தது கடைக் குழாய்தான் என்று எனக்குத் தெரியும். காட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை.

விரிவுரையாளர் அறிக்கையைப் புரட்டி ஒரு வரியில் நின்றார். 'இருபத்திரண்டாம் நாள், வீட்டில் தேடுதல் நடக்கும் என்ற பயத்தில் என் தாயார் பெற்றோலைக் கொட்டினார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

"குடும்பக் காரணம் என்று போடலாமே," என்றார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"குடும்பக் காரணம் இல்லை, சேர்."

அம்மாவுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "என்னைய ஏன்டி மாட்டிவிட்ட? அழிச்சிரு புள்ள."

நான் அழிக்கவில்லை.

ஆறு பேர் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அந்த வரியாலா, அரைகுறைப் பரிசோதனையாலா, கொட்டகை வாசலில் அடையாள அட்டையில் காட்ட வேண்டிய தமிழ்ப் பெயராலா என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் இல்லையாம். நான் மட்டும் காரணத்தை எழுதிக் கொடுத்திருந்தேன்.