சவரிநாதன் வீட்டு நட்சத்திரம்

சவரிநாதனை நல்லவன் என்று சொல்லுகிறவன் எவனாவது இருந்தால் என்னிடம் வரட்டும். படுபாவி என்று சொல்லுகிறவனும் வரட்டும். பதினாறு வருஷம் அவன் ஏறின ஏணியைக் கீழே நின்று பிடித்தவன் நான். இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

என் பெயர் உச்சிமாகாளி. காலடிப்பேட்டை. அப்பா உப்பள வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். பெயர் அந்த ஊர், வாய் இந்த ஊர். சவரிநாதனுக்குக் கல்மண்டபம். எங்கள் தொழில் சீரியல் விளக்கு கட்டுவது. கல்யாணம், கோயில் கொடியேற்றம் எதையும் விடமாட்டோம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது கிறிஸ்துமஸ்தான். டிசம்பர் பிறந்தால் எண்ணூர்ப் பக்கத்துத் தோப்பு பங்களாக்களில் கூப்பிடுவார்கள். மூன்று ஏக்கர், நாலு ஏக்கர் மாவும் சவுக்கும். நடுவில் ஒரு வீடு. கேட்டிலிருந்து வாசலுக்கு நடப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். அந்த வழியில் நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் விளக்குச் சுற்ற வேண்டும், வாசலில் ஆள் உயர நட்சத்திரம் கட்ட வேண்டும்.

கடையில் வாங்கி அப்படியே மாட்டுகிற செட்டெல்லாம் அப்போது எங்களிடம் கிடையாது. ஆறு வோல்ட் குட்டி பல்புகளைக் கலர் லாக்கர் சாயத்தில் முக்கிக் காயவைத்து, முப்பத்தெட்டை ஒரே வரிசையில் ஈயம் வைத்துப் பற்றவைப்போம். முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு. எண்ணிக்கை குறைந்தால் கரண்ட் தாங்காமல் பல்பு போய்விடும். ஒன்று போனால் வரிசை முழுக்க இருட்டு. போனது எது என்று கிளையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடிப்பதில் சவரிநாதனை அடிக்க வடசென்னையில் ஆள் இல்லை.

அவனுக்கு ஒரே பிள்ளை, லூயிஸ். பத்தொன்பது வயது. அறுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் ஒரு கோயில் திருவிழாவுக்கு அவன் கட்டிய வரிசையில் இருபது பல்புதான் இருந்தது. பேச்சு மும்முரத்தில் எண்ண மறந்துவிட்டான். சுவிட்சைப் போட்டதும் ஒரு தடவை பளீரென்று எரிந்து எல்லாம் செத்துப்போனது. அத்தனை ஜனத்தின் முன்னால் சவரிநாதன் அவன் கன்னத்தில் அறைந்தான். லூயிஸ் அழவில்லை.

"இன்னிமே உன் ஏணில கால் வெச்சேன்னா பாரு. நா கப்பலுக்குப் போறேன்," என்றான். போனவன் வீட்டுக்கு வரவேயில்லை.

சவரிநாதனின் மனைவி வியாகுலம்மாள் பத்து நாள் துறைமுக வாசலில் போய் நின்றாள். எவனோ ஒரு புண்ணியவான், அந்தச் சாயலில் ஒரு பையன் கப்பலேறினதைப் பார்த்தேன் என்று சொல்லித் தொலைத்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எம் புள்ள சீமையில கீறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். தெருவில் ஒரு வீடு மட்டும் மொட்டையாக நின்றால் விஷயம் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எண்ணூரில் பெரிய தோப்பு வைத்திருந்த வேதமாணிக்கம், தெற்கத்திக்காரர், மொத்த வியாபாரி, இதில் இன்னும் ஒரு படி மேலே. தங்கை செத்துப்போன தோட்டக்காரன் முந்தின வருஷம் எங்களுக்கு உதவியாக ஏணியைத் தொட்டான். அவ்வளவுதான், அவனைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டார்.

"துட்டி வீட்டுக்காரன் கை நம்ம நட்சத்திரத்துல படப்பிடாது வே," என்றார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். நாற்பது மரத்துக்கும் விளக்கு. அது கை நழுவினால் எங்களுக்கு வருஷமே போச்சு. நாளைக்குக் காலையில் வேலை ஆரம்பம் என்றிருக்கும்போது ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். எண்ணூர் முகத்துவாரத்தில் ஓர் உடம்பு ஒதுங்கியிருக்கிறது, வந்து பார் என்றார். வியாகுலம்மாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நானும் சவரிநாதனும் போனோம்.

ஓலைப் பாயை விலக்கினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, மீன் தின்றிருந்தது. இடது கை மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஈயம் சொட்டிய தழும்பு, மூன்று. சொட்டவிட்டவன் நான்தான், அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கம்பியைப் பிடி என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு பற்றவைத்தேன்.

சவரிநாதன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாய்யா, உன் புள்ளயா?" என்றார் ஏட்டு.

"இல்ல சார். இவன் எம் புள்ள இல்ல."

ஏட்டு என்னைப் பார்த்தார். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா அடைத்திருந்தது? "எனுக்கும் தெர்ல சார்," என்றேன். நாற்பது மரமும் என் கண்ணுக்குள் நின்றன. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது அவன் சொன்னான்: "கிறிஸ்மஸ் கழியட்டும் மாகாளி. நானே அவளாண்ட சொல்லிட்றேன்." இருபது நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

அடுத்த நாளே அநாதைப் பிணம் என்று உடம்பைப் புதைத்துவிட்டார்கள். அதைவிடக் கொடுமை ஒன்று வீட்டில் நடந்தது. அது லூயிஸ் இல்லை என்று கேட்ட சந்தோஷத்தில் வியாகுலம்மாள் கோயிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குச் சவரிநாதன் போய் அவள் பக்கத்தில் முழந்தாள்படியிட்டான். பூசை முடிந்து தெருவில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாள். என் கையிலும் வைத்தாள், வாங்கிக்கொண்டேன்.

வேதமாணிக்கம் தோப்பு அந்த வருஷம் எரிந்ததுபோல எந்த வருஷமும் எரிந்ததில்லை. திருவொற்றியூரிலிருந்து ஜனங்கள் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். "கைன்னா இதுல்லா கை," என்று அவர் சவரிநாதன் முதுகில் தட்டினார். அவன் மரத்திலேயே குடியிருந்தான். சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை.

வீட்டுக்கும் நட்சத்திரம் கட்டினான், கட்டாமல் எப்படி? வியாகுலம்மாள் பெரிசாகக் கேட்டாள். "கப்பல்லேர்ந்து எறங்கி வர்றவன் தெருமொனைலேர்ந்தே பாக்கணும்," என்றாள். மூங்கிலைப் பிளந்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டான். கல்மண்டபத்தில் முதலில் எரிந்த நட்சத்திரம் அதுதான்.

ஜனவரியில் கேட்டேன், சொன்னாயா என்று. பொங்கல் கழியட்டும் என்றான். பிறகு தபசு காலம் கழியட்டும், ஈஸ்டர் வரட்டும் என்றான். அந்தக் கோடையில் இருவரும் புதைத்த இடத்தைத் தேடிப் போனோம். வெட்டியான் ஒரு பொட்டலைக் கையால் காட்டி, இங்கதான் எங்கியாவது இருக்கும் என்றான். மேடும் இல்லை, அடையாளமும் இல்லை. குழாய் பதிக்க ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். மறைத்துவிடலாம், அந்தச் சோற்றைத்தான் தினம் தின்ன முடியாது. சவரிநாதன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில்லை, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதில்லை. பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்துவிடுவான். டிசம்பர் வந்தால் மட்டும் வீட்டு வாசலில் ஏணியைச் சாத்துவான். வியாகுலம்மாள் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் என்று கை காட்டுவாள். இப்படி ஆறு நட்சத்திரம்.

எங்கள் மூன்று பேரோடு போயிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. சுகிர்தம் என்று ஒரு பெண். வியாகுலம்மாளின் அண்ணன் மகள். லூயிஸுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தவள். நல்ல இடமாக இரண்டு வரன் வந்ததை வியாகுலம்மாள் தட்டிவிட்டாள். எம் புள்ள வந்து கேட்டா நா இன்னா சொல்றது என்பாள். அண்ணன்காரன் தங்கை பேச்சைத் தாண்டாதவன். எழுபத்துநாலாம் வருஷம் நவம்பரில் அந்தப் பெண் என்னைத் தேடிக் காலடிப்பேட்டைக்கே வந்துவிட்டாள்.

"மாமா, உங்குளுக்குத் தெரியாம அவுங்க வூட்ல ஒண்ணும் நடக்காது. அவுரு வருவாருன்னா நா இருந்துக்கறேன். இல்லன்னா சொல்லிடுங்க. எனுக்கு இருவத்தி நாலு ஆவுது."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு நேராகச் சவரிநாதனிடம் போனேன். என் ஆயுசில் அவனை அப்படி ஏசினதில்லை. "உன் பொய்க்கு அந்தப் பொண்ணு வயசு போவுதுடா. நீ சொல்றியா, நா சொல்லட்டா?" என்றேன்.

"இந்த வருசம் ஸ்டார் கட்டல. அவளே புரிஞ்சிக்குவா," என்றான். அதிலும் கோழை. ஆனால் அவனால் ஆனது அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும், ஒப்புக்கொண்டேன்.

சுகிர்தத்துக்கு அடுத்த ஜூனில் கல்யாணம் ஆனது. இதில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

அந்த எழுபத்துநாலு டிசம்பர், முதல் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் ஏறிவிட்டது. வியாகுலம்மாள் பூசையிலிருந்து வந்தாள். சவரிநாதன் வாசலில் குந்தியிருந்தான், நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா, இன்னும் கட்டலியா? பொழுது ஏறிக்கினு கீது," என்றாள்.

"இந்த வருசம் நம்ம வூட்டுக்கு வேணாம்."

"ஏன், யாரு செத்தா?"

வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். முகத்துவாரம், ஓலைப் பாய், மணிக்கட்டுத் தழும்பு, ஏட்டு கேட்டது, இவன் சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுக்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், எங்கள் இருவரையும் கிழித்துப்போடுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எங்க பொதச்சாங்க?" என்றாள்.

"எடம் தெர்லக்கா. போய்ப் பாத்தோம். இன்ன எடம்னு யாராலயும் சொல்ல முடியல," என்றேன்.

பக்கத்து வீட்டில் ஏதோ பாட்டு வைத்திருந்தார்கள். அது முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவன் எதிர்க்கவா சொன்ன?"

சவரிநாதனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எம் புள்ள இல்லன்னு சொன்னியே. அத்த அவன் எதிர்க்க நின்னுகினா சொன்ன?"

"ஆமா," என்றான் சவரிநாதன்.