கட்டைபறிச்சான் குவாரி மேட்டில் புதுப் பிரேக்கைச் சோதித்த காலை

வாங்குவதா விடுவதா என்று இரண்டு வருடமாக மனதைக் குடைந்துகொண்டிருந்த ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கைக் கடைசியில் இந்த ஆவணியில் வாங்கியே விட்டேன். முன்னும் பின்னும், இரண்டு றோட்டரோடு சேர்த்து 48,500 ரூபாய். றோட்டர் என்பது சில்லின் நடுவில் சுழலும் மெல்லிய உலோகத் தட்டு. பிரேக் கட்டைகள் அதைத்தான் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். "இந்தக் காசுக்கு ஒரு வோஷிங் மெஷின் எடுத்திருக்கலாம்" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு. அதனால்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எங்கள் ஊரான சல்லியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வெள்ளி பின்னேரம் கடற்கரையிலும் நிலாவெளி வீதியிலும் ஓடிப் பார்த்தேன். ஒற்றை விரலால் தொட்டாலே நின்றது. ஆனால் மலைச் சைக்கிளின் பிரேக்கை இறக்கத்தில் பார்க்காமல் எப்படி? கட்டைபறிச்சானுக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி இருக்கிறது. அதன் மேட்டிலிருந்து கீழே 400 மீற்றர் கிரவல் பாதை, முழுக்கச் சரளைக்கல். முடிவில் இடப்பக்கம் ஒரு கூர் வளைவு. வளைவைத் தவறவிட்டால் நேரே குவாரிக் கிடங்கு, கல் தோண்டிய ஆழப் பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். போவதென்று முடிவெடுத்தேன்.

சனி காலை 5.45க்குச் சிவராசா அண்ணனின் சின்னப் பட்டா லொறியில் கிளம்பினோம். போக வர வாடகை 11,000. கிண்ணியாவில் 6.50க்கு றியாஸ் ஏறினான். கணித ஆசிரியர், நான்கு வருடமாக என்னோடு சைக்கிள் ஓடுபவன். பழைய கேபிள் பிரேக்கோடுதான் ஓடுவான், ஒரு நாளும் விழுந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுப்பான். மூதூரில் ரொட்டியும் தேநீரும், மூவருக்கும் 900. குவாரி அடிவாரத்தை அடையும்போது 8.10. சல்லியிலிருந்து 58 கிலோமீற்றர். காணிக்காரரிடம் முதலே கேட்டிருந்தோம். நீங்களும் கேட்காமல் போகாதீர்கள்.

லொறி அதற்கு மேல் ஏறாது. என் சைக்கிளை நானும் றியாஸும் தள்ளிக்கொண்டு மேலே போனோம். பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தேன், கல்லுப்போல இறுக்கம். எல்லாம் சரி என்று நினைத்தேன்.

"முதல் ஓட்டத்த எனக்குத் தா மச்சான். நீ கீழ நிண்டு வீடியோ எடு" என்றான் றியாஸ்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காசு கொடுத்தவன் நான். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாதையின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்து நின்றேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. போன் கமராவில் தூசி. துடைக்கலாம் என்று பையில் கைவிட்டுத் துணியை எடுத்தேன். எண்ணெய் வாசம்.

கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நூறு மீற்றர் கூட இல்லை. உப்புக்காற்றில் இரும்பு ஒரு கிழமை தாங்காது. அதனால் படகு என்ஜினோ, நங்கூரமோ, சைக்கிளோ, வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைப்போம். கைக்குப் பழகிப்போன வேலை, புத்தியைக் கேட்காது. முதல்நாள் ஓட்டம் முடிந்து சைக்கிளைக் கழுவிக் காயவைத்து, மனைவியோடு பேசிக்கொண்டே துடைத்தேன். சட்டத்தை, செயினை, பளபளவென்றிருந்த அந்த இரண்டு றோட்டர்களையும். எண்ணெய் பட்ட றோட்டரைப் பிரேக் கட்டை கவ்வாது, வழுக்கும். லீவர் மட்டும் கையில் இறுக்கமாகவே இருக்கும்.

நிமிர்ந்தேன். றியாஸ் கால்களை நிலத்திலிருந்து எடுத்துவிட்டான்.

"நில்லு! றியாஸ், நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று அவன் பக்கமிருந்து என்னை நோக்கி அடித்தது. நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து ஒரு கையை உயர்த்திக் காட்டினான். என்னைக் கடந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கையும் லீவரில், விரல்கள் வெளுத்திருந்தன. வேகம் குறையவில்லை. காலை நிலத்தில் ஊன்றினான், செருப்பு பறந்தது. நான் பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

வளைவுக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் ஆளுயரக் கிரவல் குவியல் ஒன்று கிடந்தது. அவன் ஹாண்டிலை வெட்டி அதற்குள் பாய்ந்தான். சைக்கிள் அங்கேயே நின்றது. அவன் குவியலுக்கு மேலால் போய் மறுபக்கம் விழுந்தான். அங்கிருந்து கிடங்கின் விளிம்புக்குப் பின்னர் அடியளந்து பார்த்தேன். ஏழு அடி.

நேரம் 8.52. கீழே லொறியடியில் நின்ற சிவராசா அண்ணன் எனக்கு முன்பே ஓடிவந்து அவனைத் தூக்கி இருத்தியிருந்தார். முழங்கால் உரிந்திருந்தது, இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, பழக்கமில்லாத சாமானில இந்த வேகமா ஓடுறது?" என்று அவனைத்தான் ஏசினார்.

"ஓம் அண்ணன், என்ட பிழைதான்" என்றான் றியாஸ். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சிக்க மச்சான். உன்ட சைக்கிளயும் நெளிச்சிப் போட்டன்" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவனை லொறியில் ஏற்றினோம். வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூதூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போது அவன் மனைவிக்கு அழைத்து, தான் பார்த்து ஓடியிருக்க வேண்டும் என்றான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இனி எனக்கு ஏலாது மச்சான். கை நிதானம் போயிட்டு. சைக்கிள வித்துப்போடுவம் எண்டு நினைக்கிறன்."

அதைக் கேட்டபிறகுதான் சொன்னேன். "உன்ர கையில ஒண்டும் இல்லை. நான் நேற்று றோட்டருக்கு எண்ணெய் போட்டிட்டன்."

அவன் கோபப்படவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். 9.32. விழுந்து நாற்பது நிமிடம்.

"எப்பத் தெரியும்?"

"நீ இறங்க வெளிக்கிடேக்க."

அதற்குமேல் அவன் என்னோடு பேசவில்லை. மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு, மாக்கட்டுப் போட்டார்கள். கிண்ணியாவில் இறங்கும்போது சிவராசா அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். கச்சான் ஓயும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். குவாரியில் நிழலில்லை, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் இருந்தால் செயினுக்கும் சட்டத்துக்கும் எண்ணெய் போடுங்கள், றோட்டருக்குக் கிட்டவும் துணியைக் கொண்டுபோகாதீர்கள். பட்டுவிட்டால் சவர்க்காரம் போதாது. ஸ்பிரிட்டால் தட்டைத் துடைத்து, கட்டைகளை வீசிவிட்டுப் புதிது போடவேண்டும். எனக்கு 4,500 ஆனது. இறுக்கமான லீவரை நம்பாதீர்கள். சமதரையில் ஓடி, சைக்கிள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே மேடேறுங்கள்.

பிரேக் எப்படி என்று கேட்பீர்கள். சுத்தமாக இருந்தால் அருமை. ஆனால் அன்றைக்குச் சோதனைக்கு வந்து தோற்றது பிரேக் அல்ல.

பதினெட்டு நாள் கழித்து, றியாஸின் மாக்கட்டுக் கையைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனேன். கதிரையைக் காட்டினான், இருந்தேன். இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா எண்ணெயோட நிப்பாட்டாத" என்றான். "அந்த நாப்பது நிமிசத்தையும் எழுது."