கை நுழையாத வால்வு

எழுபதுகளில் கோப்பாய்ப் பக்கத்தில் பசுக்களுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்தும் உத்தியோகம் எனக்கு. தேர்மஸ் போத்தலில் ஐஸ் கட்டி, அதற்குள் விந்துக் குழாய்கள். பசு சினைக்குக் கத்துகிறது என்று ஆள் வந்து சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். அதற்காக நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் ஒரு மோட்டார் சைக்கிள் தந்திருந்தார்கள்.

அதைச் செய்தவன் ஒருநாளாவது குந்தியிருந்து அதன் பின் சில்லுக்குக் காற்றடித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. சின்னச் சில்லு, அதன் நடுவில் சோற்றுப் பானை அளவில் பிறேக் டிரம். வால்வு அந்த டிரம்மைப் பார்த்தபடி குட்டையாக நின்றது. கம்பிகளுக்கு இடையில் விரல் போகும், பம்பின் தலை போகாது. சரித்துப் பிடித்தால் பாதிக் காற்று வெளியே போகும். வலக்கையில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

வளைந்த வால்வு ஒன்று போட்டுத் தரும்படி கந்தோருக்கு இரண்டு தடவை எழுதினேன். வாகனம் நல்ல நிலையில் இருப்பதாகப் பதிவு உள்ளது என்று பதில் வந்தது. பதிவு செய்தவர் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

ஒருநாள் காலையில், ஒரேயொரு பசுவை வைத்துப் பால் விற்றுச் சீவித்த ஓர் அம்மா ஆள் அனுப்பியிருந்தார். பாதி வழியில் பின் சில்லு இறங்கிவிட்டது. இரண்டு சைக்கிள் கடைகளில் முயன்றார்கள், முடியவில்லை. பெற்றோல் செட்வரை வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே மூன்று பேர் சேர்ந்து சில்லையே கழற்றித்தான் காற்றடித்தோம். அம்மாவின் படலையைத் திறந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. போத்தலில் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வீண்.

"விடியச் சொல்லி அனுப்பினனான் தம்பி. இப்ப வந்து வெறுங்கையோடை நிக்கிறியள்."

"ரயருக்குக் காத்தடிக்க ஏலாமப் போச்சுது அம்மா."

"காத்தோ? என்ரை மாடு இனிக் கத்த மூண்டு கிழமை செல்லும். உங்கடை கந்தோரிலை இருக்கிறவைக்கு அது விளங்குமோ?"

அவர் என்மேல் காட்டிய கோபம் முழுவதும் நியாயம். அதை வாங்க வேண்டியவன் நானில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அன்று பின்னேரமே மருதனார்மடத்துக்குப் போனேன். வெங்காயத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் கருவிகளைத் திருத்துகிற ஒருவர் சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். அவர் குனிந்து சில்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கையை வால்வுக்கிட்டக் கொண்டுபோக ஏலாது அண்ணை. வால்வைக் கைக்கிட்டக் கொண்டுவருவம்."

உடைந்த கருவியொன்றின் பித்தளைக் குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி வளைத்தார். ஒரு முனையில் வால்வில் திருகிப் பூட்டும் மரை, மறுமுனையில் பழைய ரியூப்பிலிருந்து அறுத்த வால்வு. இரண்டையும் குழாயில் பற்றவைத்துச் சில்லில் பூட்டினார். அந்த முனை கம்பிகளுக்கு வெளியே வந்து நின்றது. பம்பை மாட்டி நாலு மிதி மிதித்தேன். சில்லு கல்லுப்போல ஆனது. இத்தனை மாதமாக இவ்வளவுதானா என்று நினைக்க, சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது.

அடுத்த கிழமை மேலதிகாரி வாகனம் பார்க்க வந்தார். பின் சில்லில் குழாயைக் கண்டதும் முகம் மாறியது.

"உந்தக் குழாயை ஆர் பூட்டினது?"

"நான்தான் சேர்."

"அரசாங்கச் சொத்திலை கை வைக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

நான் குனிந்து குழாயைத் திருகிக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டேன். "உங்கடை சொத்து வந்தபடியே இருக்கு, சேர். பின் சில்லுக்குக் காத்துக் குறைவு. ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ." பம்பை அவர் காலடியில் வைத்தேன்.

அவர் பம்பைத் தொடவில்லை. எழுத்தில் விளக்கம் தரவேண்டும், மூன்று பிரதிகள், என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மூன்று தாள்களிலும் ஒரே வரியைத்தான் எழுதினேன்: "பின் சில்லுக்குக் காற்றடித்தேன்." அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் வேலையிலிருந்து இளைப்பாறும்வரை அது கந்தோரில் என் கோப்பில் இருந்தது. அரியாலைப் பக்கம் இதே மாதிரி மோட்டார் சைக்கிளில் இதே வேலை செய்தவர் குழாயைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். அவரை மருதனார்மடத்துக்குக் கூட்டிப்போய், இன்னொரு குழாய் செய்வித்துக் கொடுத்தேன்.