ராஜா கோட்டையில் பெண் பார்த்த நாள்

என்னை மூன்றாவது தடவையாகப் பெண் பார்த்தது செஞ்சிக் கோட்டையில். பார்த்தவர்களுக்கே அது தெரியாது என்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் சமணக் குடும்பங்களில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அவர் கூட்டிவந்த இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே எங்கள் வீட்டில் சொஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய் வேண்டாம் என்று எழுதியிருந்தன. எங்கள் ஊர் அனந்தபுரம் பக்கம். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் போதும், தெரு மொத்தமும் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று ஒரு மாதம் விசாரிக்கும். எனக்கு அந்தத் தெருவையே கொளுத்திவிடலாம் போலிருக்கும்.

அதனால் மாமா புதிதாக ஒரு திட்டம் போட்டார். பையன் வீட்டாரும் நாங்களும் கோட்டை பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒரே நாளில் போக வேண்டும். தற்செயலாக எதிர்ப்பட வேண்டும். நீங்கள் யார், எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அது பெண் பார்த்ததாக ஆகிவிடும். பிடித்திருந்தால் மாமாவுக்குக் கடிதம் வரும். பிடிக்காவிட்டால், கோட்டை பார்க்கப் போனோம், பார்த்தோம், வந்தோம். யாருக்கும் மூக்கு அறுபடாது. அறுபதுகளில் இதைப் பெரிய நாகரிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். நைனா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார், இந்த இடம் அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் படிப்பு. அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ஆகவே இந்தச் சம்பந்தம் கூடிவரக் கூடாது என்று நான் எல்லாத் தீர்த்தங்கரர்களையும் வேண்டிக்கொண்டேன். அதே சமயம், மூன்றாவது தடவையாகவும் என்னைப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இவ்வளவு சிக்கலான வேண்டுதலை எந்தக் கடவுளும் கேட்டிருக்க முடியாது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் காய்ச்சல். இரண்டு வீட்டாரையும் தெரிந்த ஒரே ஆள் போர்வைக்குள் கிடந்தார். வருகிறவர்கள் வந்தவாசிப் பக்கம், பையன், பையனின் அம்மா, அப்பா என மூன்று பேர் என்று மட்டும் சொன்னார். அவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று நைனா கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்டுக்கு உக்காருவாங்க பாரு, அதான் அடையாளம். நம்மள வுட்டா வேற எவன் வெளிச்சம் இருக்கச்சவே ராச்சோறு துன்னுவான்?"

நைனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. சூரியன் மறைந்தால் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அம்மா எனக்கு மாம்பழக் கலரில் பட்டுப்புடவை உடுத்திவிட்டிருந்தாள். கோட்டை பார்க்க எவளாவது பட்டுப்புடவை கட்டுவாளா என்று கேட்டதற்கு, வாயை மூடு என்றாள்.

ராஜா கோட்டை வாசலிலேயே தொல்பொருள் இலாகாவின் காவல்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பேச ஆள் கிடைத்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். சின்ன வயசு ராஜா ஆற்காட்டுப் படையை எதிர்த்துப் போய்ச் செத்த கதையை ஆரம்பித்தார். ராஜாவாகவும், ராஜாவின் குதிரையாகவும், எதிரிப் படையாகவும் அவரே மாறி மாறி நின்றார். ராஜா பக்கம் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், எதிரிப் பக்கம் கூடிக்கொண்டே போனார்கள். நைனா அதை எதையும் கேட்கவில்லை. அவர் கண் நாலா பக்கமும் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தது.

கல்யாண மகாலின் கீழே மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மாள், இருபத்தைந்து வயதில் ஒரு பையன். நைனா தொண்டையைச் செருமினார். கட்டடத்தின் பெயரைக் காவல்காரர் சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. நைனா காவல்காரரிடம், அந்த மூவருக்கும் கேட்கிற மாதிரி, என் பெண் எஸ்.எஸ்.எல்.சி. என்று உரக்கச் சொன்னார். காவல்காரர் ராஜாவைப் போர்க்களத்தில் பாதியில் விட்டுவிட்டு, அப்படியா என்றார். உடனே நைனா அங்கிருந்த நீல நிறப் பலகையைக் காட்டி, தமிழிலும் இங்கிலீஷிலும் படி என்றார். இந்தச் சின்னத்துக்குச் சேதம் விளைவிப்போருக்குச் சிறைத்தண்டனை, அபராதம் என்று இரண்டு பாஷையிலும் நான் படித்தேன். அந்த மூவரும் பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு நெற்களஞ்சியத்தின் பக்கம் நகர்ந்தார்கள்.

நாங்களும் நகர்ந்தோம். எனக்குக் கால் ஊனமில்லை என்று தெரிவதற்காக அம்மா என்னை அவர்களுக்கு முன்னால் போய்த் திரும்பி வரச் சொன்னாள். போனேன், வந்தேன். போதாதென்று மறுபடியும் போகச் சொன்னாள். களஞ்சியத்துக்குள் பேச்சு எதிரொலிக்கிறது என்று காவல்காரர் சொன்னது வினையாகப் போயிற்று. ஒரு பாட்டுப் பாடு என்றார் நைனா. அருகன் மேல் எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை இருட்டில் நின்று பாடினேன். முடித்துவிட்டு வெளியே வந்தால், அந்தக் குடும்பம் ஆனைக்குளத்தைத் தாண்டி வேகமாக நடந்துகொண்டிருந்தது. கூச்ச சுபாவம், நல்ல குடும்பம் என்று அம்மா சொன்னாள். நாங்களும் வேகமாக நடந்தோம். காவல்காரர் கதையை விடாமல் எங்கள் பின்னால் ஓடிவந்தார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது, அந்த மூவரும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாங்களும் பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கை கழுவக் குளத்துப் பக்கம் போனபோதுதான் அந்தப் பையனைத் தூணுக்குப் பின்னால் பார்த்தேன். பழையசோற்றுக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் ஒரு வெங்காயத்தை வைத்து, முஷ்டியால் ஒரே குத்து குத்தினான். எங்கள் வீட்டு நிலைப்படியை வெங்காயம் தாண்டியதே இல்லை. மண்ணுக்குள் விளைகிற எதையும் தொடாத ஜாதி நாங்கள். வந்தவாசிப் பக்கமும் அதே கட்டுப்பாடுதான். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க நைனாவுக்கு இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. என்னப் பொண்ணு பார்க்க வந்திருக்காங்க."

"யாரு?"

"நீங்கதான்."

வெங்காயம் அவனுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, தனக்கு ஒரு குழந்தை இருக்கிறது, பெண்டாட்டி இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். அவர்கள் அவலூர்பேட்டைக்காரர்கள். செஞ்சியில் ஒரு சாவுக்கு வந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று கோட்டைக்குள் வந்தவர்கள். சாவு வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால்தான் இந்த அவசரச் சாப்பாடு. நாங்கள் துரத்திய துரத்தலில் அவன் அம்மா மிரண்டுபோயிருந்தாளாம். பிறகு அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ரோட்டுக்கு அந்தாண்டை ராணி கோட்டையில் மூன்று பேர் நல்ல துணிமணி உடுத்தி ஏறிக்கொண்டிருந்ததை வரும்போது பார்த்தானாம்.

இரண்டு மலையையும் சேர்த்தேதான் கோட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மலை என்று மாமா சொல்லவில்லை, நைனாவும் கேட்கவில்லை.

போய் உங்கள் நைனாவிடம் சொல்லிவிடட்டுமா, இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று அவன் கேட்டான். ஓடினால் பிடித்துவிடலாம்தான். வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் தெரிந்தே செய்த முதல் திருட்டு அது. பயமாக இருந்தது, ஆனால் திண்டிவனம் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் நல்ல மனுஷன். போகும்போது நைனாவைப் பார்த்து இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனான். பஸ்ஸில் வீடு வரைக்கும் அம்மா அந்தக் கும்பிடைப் பற்றியே பேசினாள்.

நாலாம் நாள் மாமா கடிதத்தோடு வந்தார். பையன் வீட்டாருக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டதாம். பச்சைத் தாவணியில் படிகளில் ஓடி ஏறிய அந்தச் சுறுசுறுப்பு பையனுக்கு மறக்கவே இல்லையாம்.

பச்சைத் தாவணியா என்று அம்மா கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியாது. வெங்காயம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைப் பிடித்திருக்கிறது என்று முதல் தடவையாக ஒரு வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அதுவும் நான் இல்லை என்று ஆகிவிட்டதே என எனக்கு அழுகை முட்டியது. வேண்டாம் என்று நினைத்த இடம்தான். இருந்தும் வலித்தது.

அம்மா, பிடித்துவிட்டதென்று எழுதிவிட்டார்கள், அதை ஏன் கலைக்க வேண்டும் என்றாள். கல்யாணப் பந்தலில், புகையில், யார் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று நிஜமாகவே கேட்டாள். மாமாவோ, இன்னொரு தடவை தற்செயலாகச் சந்திக்க வைக்கலாம், இந்த முறை எந்த மலை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்.

நைனா என்னைத் திட்டவில்லை. ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து வரச் சொன்னார்.

"பையன எங்களுக்குப் புடிக்கலன்னு எழுதிடறேன்."

"எந்தப் பையன?" என்றாள் அம்மா.

"அதான், மலைல பார்த்தமே."

எனக்குக் கொடுத்த சொல்லை நைனா காப்பாற்றுகிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. யார் மூக்கும் அறுபடாமல் அதைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

நாலு வரி எழுதிவிட்டு நைனா நிறுத்தினார். காரணம் போட வேண்டும், போடாவிட்டால் மரியாதை இல்லை என்றார். எங்களுக்கு வந்த இரண்டு கடிதங்களிலும் காரணம் இருந்தது. ஒன்றில் நிறம், இன்னொன்றில் உயரம். இரண்டும் எனக்கு மனப்பாடம்.

"இன்னான்னு போடறது? நெறம் கம்மின்னு போடட்டுமா?" என்று நைனா என்னைக் கேட்டார்.

நைனா கடிதம் எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வந்தவாசிப் பக்கம் எங்கேயோ, யாரையோ பிடித்துப்போய்க் காத்திருக்கிற ஒருவன், நாங்கள் பார்த்தே இராத ஒருவன், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்பான்.

"வேணாம் நைனா. அவரு மேல ஒரு கொறையும் இல்ல, தப்பு எங்க மேலதான்னு போடுங்க."

நைனா அப்படியே எழுதினார். அந்தக் கடிதத்தில் உண்மையாக இருந்தது அந்த ஒரு வரிதான்.