பரணில் இருக்கும் அண்டா

போன மாதம் ஒரு டம்ளர் வாங்கப் போனேன். கொஞ்சம் பொருளாதாரம் படித்துவிட்டுத் திரும்பினேன்.

செஞ்சி கடைத்தெருவில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் நடத்தும் பாத்திரக் கடை அது. சின்னவருக்கே அறுபது தாண்டிவிட்டது. மூவருக்கும் சேர்த்து ஒரே வாரிசு, இரண்டாமவரின் மகன். மெட்ராஸில் ஆபீஸர். பண்டிகைக்குப் பண்டிகை வந்து, 'கடையை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறான். இந்த முகூர்த்த சீசனைப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் தை மாதம் பூட்டிவிடலாம் என்று பெரியவரும் முடிவுக்கு வந்திருந்தார்.

கடையில் என்ன குறை? சரக்கா? பரண் முழுக்க அண்டாவும் தவலையும்தான். ஏறி எடுக்கத்தான் ஆளில்லை.

ஆகவே சில வருஷமாக அங்கே கைக்கு எட்டுவது மட்டுமே விற்பனைக்கு. அண்டா கேட்டால், குடம்தான் இப்போது ஃபேஷன் என்பார் சின்னவர். மேலே இருப்பது விற்காததால் புதுச் சரக்கு எடுப்பதில்லை. எடுக்காததால், இவர்களுக்குப் பாத்திரம் அடித்துக் கொடுத்தவர் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார். மனிதனுக்குக் காலில் ஆரம்பிக்கிற கிழத்தனம், கடைக்குப் பரணில் ஆரம்பிக்கிறது.

ஓர் ஆள் வைத்துக்கொள்வதுதானே? அங்கேதான் சிக்கல். பரண் ஏணி, கல்லாப் பெட்டிக்கும் மகாலட்சுமி படத்துக்கும் நேர் மேலே சாய்ந்திருக்கிறது. அதில் வீட்டு ஆள் கால்தான் படலாம். பாட்டனார் போட்ட சட்டம். ஏணியை நகர்த்தி வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். அந்த இடமும் பாட்டனார் வைத்ததாம்.

நான் டம்ளரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து விவசாயி ஒருவர் மகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம். பெரிய அண்டா வேண்டுமாம். சின்னவர் வழக்கம்போல் குடத்தை எடுத்தார். விவசாயி பரணைக் காட்டினார்.

"அதோ இருக்குதே, அதான் வேணும். இல்லன்னா சொல்லிடுங்க முதலாளி, திண்டிவனம் பஸ் நிக்குது."

மூவரும் ஏணியைப் பார்த்தார்கள். இரண்டாமவர் வேட்டியை மடித்துக் கட்டினார். போன வருஷம் விழுந்தது போதாதா என்று பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். 'நான் ஏறட்டுமா?' என்றேன். வெளியாள் கூடாது என்று பெரியவர் மறுத்துவிட்டார். அந்தப் பாட்டனாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். என் முட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அதற்குள் அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நவுரு நைனா. புளியமரமே ஏறுறேன், இது இன்னா... ஏணிதானே?"

பெரியவர் படத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணே மகாலட்சுமிதான். அவ கால் பட்டா தப்பில்ல... ஏறும்மா."

அண்டா இறங்கியது. மேலே இன்னும் என்னென்ன இருக்கிறது என்று சின்னவர் அவளையே விசாரித்தார். அவருக்கே மறந்துபோயிருந்தது! தாம்பாளம், தவலை, குத்துவிளக்கு என்று அவள் தூசுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்ல, சீர் முழுவதும் அங்கேயே முடிந்தது.

மூட்டை கட்டும்போது பெரியவர் தயங்கித் தயங்கி விவசாயியிடம் கேட்டார்: இன்னும் பிள்ளைகள் உண்டா, கடைக்கு ஒருவரை அனுப்ப முடியுமா?

"அஞ்சு இருக்குது முதலாளி. ஊருக்கு வர்ற குடும்பக் கட்டுப்பாட்டுக்காரங்க எல்லாம் போதும் போதும்ங்கறாங்க. இன்னும் இருக்குதான்னு கேட்டவரு நீங்க ஒருத்தர்தான்."

சிரித்தேன். வீடு வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அளவான குடும்பம் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. அத்தனை வயிற்றுக்கும் சோறு தேடுகிற பாடு அந்த விவசாயிக்குத்தான் தெரியும். ஆனால் வாயை எண்ணுகிற நாம் கையை எண்ணுகிறோமா? பிற்காலத்தில் ஊரே அந்தக் கடை மாதிரி ஆகிவிட்டால்... எல்லாருக்கும் அறுபது, எல்லாச் சரக்கும் பரணில் என்றால், யார் ஏறுவது? ஏற வருகிறவனையும் வெளியாள் என்று வாசலில் நிறுத்தி வைப்போமோ?

தை மாதப் பேச்சைப் பெரியவர் இப்போது எடுப்பதில்லை. விவசாயியின் நடு மகன் வேலைக்கு வந்துவிட்டான். படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறான். பாட்டனார் சட்டம் என்ன ஆயிற்று? கடையில் சாப்பிடுகிறவன் வீட்டு ஆள்தானே என்கிறார் பெரியவர்.

டம்ளர்தான் இன்னும் வாங்கவில்லை. நல்லதெல்லாம் பரணில் இருக்கிறதாம். அந்தப் பையன் லீவு போட்ட நாளில் போய், 'நான் ஏறட்டுமா?' என்று கேட்கப் பயமாக இருக்கிறது — இப்போது சரி என்றுவிட்டால்?