வாளியக்காவின் பிரேக் தூசி

வாளியக்கா முப்பத்தொரு வருஷம் ரயில் பெட்டிகளைக் கழுவினாள். வேலையிலிருந்து நின்ற பிறகு நாலு வருஷமாக ரயில் பெட்டிகளை அழுக்காக்கிக்கொண்டிருந்தாள். கழுவியபோது மெச்சினார்கள், அழுக்காக்கும்போது திட்டுகிறார்கள். திட்டுகிறவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர். அவர் தையல்காரர், தரையில் ஒரு நூல் பிசிறு கிடந்தாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுக்கிற மனிதர்.

பயந்துவிடாதீர்கள். அவள் அழுக்காக்குவது நிஜ ரயிலை இல்லை. ஒரு சாண் நீளத்துக்குள் சன்னல், கதவு, சக்கரம் எல்லாம் அச்சு அசலாக இருக்கிற சின்ன ரயில் பெட்டிகளைத்தான்.

வாளியக்கா என்ற பெயர் ரயில் கழுவுகிற யார்டில் வந்தது. மற்றவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பீய்ச்சி அடிப்பார்கள். இவள் மட்டும் வாளியும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷுமாகப் பெட்டியை ஒட்டிப் போய் நிற்பாள். அழுக்கின் முகத்தைப் பார்க்காமல் அதைக் கழுவக் கூடாது என்பது அவள் பிடிவாதம். அப்படிப் பார்த்துப் பார்த்து, ஒரு பெட்டி மழையில் வந்ததா, செம்மண் காட்டைத் தாண்டி வந்ததா, மலை இறங்கி வந்ததா என்று வாளியைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

வேலையிலிருந்து நின்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் சின்ன ரயில் பெட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊருக்கும் போகாத பெட்டி,” என்றாள். கைதட்டல் பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பின்பக்கக் கதவுக் கீலிலிருந்து துருவைச் சுரண்டினாள். கரித்துண்டைக் கரண்டி முதுகால் நசுக்கினாள். வீட்டுக்காரர் துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியில் ஒரு மூலையை உடைத்துப் பொடித்தாள். ஒரு வாரத்தில் அந்தப் பெட்டி ஆயிரம் மைல் ஓடிக் களைத்து வந்து நின்றதுபோல் ஆகிவிட்டது. அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியுமா?

ஊரில் அச்சகத்து மாடியில் சின்ன ரயில் சங்கம் என்று ஒன்று இருந்தது. கூடம் முழுக்க மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மலையும் பாலமும் இரண்டு ஸ்டேஷனும் ஒரு குடோனும் கட்டித் தண்டவாளம் ஓட்டியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்து பார்க்கும். வாளியக்கா அதில் சேர்ந்தாள். ஆனால் அவள் பெட்டிகளை மெயின் லைனில் ஓட விடவில்லை. இரண்டு வருஷமாகக் குடோனுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத சைடிங்கில், ஓடாத பெட்டிகளை ஒதுக்கும் தண்டவாளத்தில்தான் நிறுத்தி வைத்தார்கள்.

காரணம் சங்கத் தலைவர். அவர் பல் டாக்டர். அவருடைய ரயில்கள் இப்போதுதான் தேய்த்து எடுத்த முன்பல் மாதிரி பளபளவென்று ஓடும்.

“அக்கா, உங்க ரயிலைப் பாத்தா எனக்கு வாயைத் திறக்கச் சொல்லணும்போல இருக்கு,” என்பார்.

“உங்க ரயிலைப் பாத்தா எனக்குக் கழட்டி டம்ளர்ல போடணும்போல இருக்கு டாக்டர்,” என்பாள் இவள்.

மூன்றாவது வருஷமும் சைடிங்தான் என்று தெரிந்ததும் வாளியக்கா கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கமாட்டேன் என்றாள். டாக்டர் வாட்சைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் இறங்கி வந்தார்.

“சரி, ஒரு பெட்டி புதுசா செஞ்சு கொண்டு வாங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் நானே பாக்கறேன். அதுல இருக்கிற ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் சொல்லணும். சொல்லிட்டா மறுநாள் ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க மெயின் லைன். ஒரே ஒரு அழுக்குக்குக் காரணம் இல்லேன்னாலும் இனிமே மெயின் லைன் பேச்சை எடுக்கக் கூடாது.”

“எழுதிக் குடுங்க.”

“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே அக்கா!”

“எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல? மறந்துட்டா படிச்சுப் பாத்துக்கங்க.”

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து பத்து நாள் அவள் அடுப்படிச் சன்னலோரத்தை விட்டு அசையவில்லை. கூரைக்குப் புகை பூசினாள். ஏறுகிறவர்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கதவுக் கம்பியை மட்டும் துடைத்து மினுக்கினாள். எல்லாம் கைக்கு வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. சக்கரத்தை ஒட்டிப் படிகிற பிரேக் தூசி, அந்தப் பழுப்பு. துரு போட்டால் சிவந்தது, கரி சேர்த்தால் கறுத்தது, டீத்தூள் போட்டுப் பார்த்தால் எறும்பு வந்தது.

வீட்டின் முன்னறையில் மருமகள் பியூட்டி பார்லர் நடத்தினாள். மகனுக்கு வெளியூர் வேலை. மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். ஒருநாள் மருமகள் குளிக்கப் போயிருந்த நேரம், கண்ணாடி மேஜையில் இமைக்குப் பூசுகிற பன்னிரண்டு நிறம் வரிசையாய் இருக்கிற ஐஷேடோ டப்பா திறந்து கிடந்தது. நாலாவது குழியில் பார்த்தாள். அதே பழுப்பு! முப்பத்தொரு வருஷம் அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அதே பிரேக் தூசி, டப்பாவுக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

ஒரு சிட்டிகை எடுத்தாள். மறுநாள் இன்னொரு சிட்டிகை. அதற்கு மறுநாள் எடுத்ததை நான் சிட்டிகை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். “மாமா, வீட்டுக்குள்ள திருட்டு நடக்குது. என் ஐஷேடோல ஒரு குழி காலி. அடி தெரியுது.”

தையல்காரர் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். “என்னை எதுக்கும்மா பாக்குற? நான் எங்க போய்ப் பூசறது?”

“எலியா இருக்கும்,” என்றாள் வாளியக்கா.

“எலி பிரவுன் மட்டும் பாத்துத் தின்னுமா அத்தை?”

“அதுக்கும் வாய்க்கு ருசியா ஒண்ணு வேணாமா?”

மருமகள் அத்தையின் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் பழுப்பு. ஆனால் அந்தக் கையில் என்றைக்குத்தான் பழுப்பு இல்லை? தட்டை இழுத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. பஸ்ஸில் போனால் குலுக்கலில் தூசி உதிர்ந்துவிடும் என்று மருமகளின் ஸ்கூட்டரில்தான் போக வேண்டியிருந்தது. வாளியக்கா அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். மாடியில் மருமகள் ஒரு மூலை நாற்காலியில் செல்போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

டாக்டர் சும்மா வரவில்லை. நெற்றியில் கட்டுகிற விளக்கு, பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, வளைந்த ஊசி எல்லாம் கொண்டு வந்திருந்தார். ரயில் பெட்டியை வெள்ளைத் துணியில் கிடத்தினார். விளக்கை இன்னும் போடவில்லை.

“நம்பர் எழுதின இடம் மட்டும் ஏன் சுத்தமா இருக்கு?”

“நம்பர் தெரியலேன்னா பெட்டியை மாத்திக் கோத்துடுவாங்க. அதனால வர்றவன் போறவன் எல்லாம் அங்க மட்டும் துணியால ஒரு இழுப்பு இழுப்பான்.”

“சன்னலுக்குக் கீழ இந்தக் கறை ஏன் சாஞ்சிருக்கு?”

“ஓடுற ரயில்ல யாராவது நேரா வாந்தி எடுக்க முடியுமா டாக்டர்? காத்து விடுமா?”

டாக்டர் சற்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “அப்ப படிக்கட்டுக்கு அடியில மட்டும் இவ்வளவு கெட்டியா?”

“அங்க பிரஷ் நுழையாது. என்னைத் தவிர ஒருத்தரும் கை விட்டுக் கழுவமாட்டாங்க. நான் லீவு போட்ட வாரம் இது.”

கூடத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கே உதடு கோணிற்று. அடியையும் பார்த்துவிடலாம் என்று பெட்டியைப் புரட்டி, நெற்றி விளக்கைப் போட்டார்.

அவ்வளவுதான். சக்கரத்தைச் சுற்றி அத்தனையும் ஜிகுஜிகுவென்று மின்னியது. கல்யாணப் பெண்ணின் இமை மாதிரி, பொடிப் பொடியாக, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மின்னியது.

வாளியக்கா பெட்டிமேல் குனிந்தாள். அடுப்படிச் சன்னல் வெளிச்சத்தில் இது மண்போலத்தானே இருந்தது? ஜிகினா கலந்த பூச்சு என்று அவளுக்கு எப்படித் தெரியும், ஜென்மத்தில் ஒருநாள் முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவள்! மெயின் லைன் கண்ணெதிரே சுருங்கிச் சுருங்கி, குடோனுக்குப் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா,” என்றார் டாக்டர், இனிப்பான குரலில். சொத்தைப் பல் கிடைத்த குரல் அது. “இந்த அழுக்கு ஏன் மின்னுது?”

வாளியக்கா விரலால் சக்கரத்தைக் காட்டினாள். “பிரேக் தூசி.”

“தூசி மின்னுமா?”

“ரயில் நிக்கணும்னா பிரேக் கட்டை சக்கரத்தைக் கடிக்கணும். கடிச்சா இரும்பு உதிரும். உதிர்ந்த இரும்பு வெயில் பட்டா மின்னாம என்ன செய்யும்? நான் முப்பத்தொரு வருஷம் கழுவியிருக்கேன். நீங்க ஒருநாளாவது சக்கரத்துக்கிட்ட குனிஞ்சிருக்கீங்களா?”

சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. நல்ல உச்சி வெயிலில் பிரேக் தூசி கொஞ்சம் மின்னத்தான் செய்யும். இப்படிக் கல்யாணத்துக்குக் கிளம்பினதுபோல் மின்னாது, அவ்வளவுதான்.

டாக்டருக்குப் பாதி நம்பிக்கை. சுற்றிப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த மருமகள் செல்போனை மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். பெட்டியின் அருகே குனிந்தாள். தன் சொந்த டப்பாவின் நாலாவது குழியை அவளுக்கு அடையாளம் தெரியாதா? நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை சன்னலுக்கு வெளியே ஏதோ காக்காயைப் பார்த்தாள்.

“நீ சொல்லும்மா, அக்கா வீட்டுலதானே இருக்க. இது என்ன தூசி?” என்றார் டாக்டர்.

மருமகள் அவசரப்படவில்லை. ஒருமுறை பெட்டியை, ஒருமுறை அத்தையை, மறுபடி பெட்டியை. வாளியக்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்குவரை வந்துவிட்டது.

“பிரேக் தூசிதான் டாக்டர்,” என்றாள் கடைசியில். “எங்க வீட்டுல எலிகூட அதைத்தான் தின்னுது.”

டாக்டருக்கு எலி புரியவில்லை. ஆனால் கேட்ட ஒவ்வொரு அழுக்குக்கும் காரணம் வந்துவிட்டதே. “மெயின் லைன்,” என்று வாயைத் திறந்து சொன்னார். வாளியக்கா ரயில் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இரண்டு இரண்டு படியாக மாடி இறங்கினாள்.

ஸ்கூட்டரில் பாதி வழி வந்ததும் வாளியக்கா மருமகளின் தோளைத் தட்டினாள்.

“திட்டுறதுன்னா திட்டிடுடி. இப்படி மௌனமா ஓட்டாத, பயமா இருக்கு.”

“திட்டமாட்டேன் அத்தை. ஒரு மணி நேரம் என் நாற்காலியில உக்காருங்க. முகத்துக்கு முழு மேக்கப். போட்டோ எடுத்துக் கடைக்கு முன்னாடி மாட்டுவேன்.”

“செத்தாலும் மாட்டேன்.”

“அப்ப வண்டியைத் திருப்பறேன். டாக்டர் இன்னும் மாடியிலதான் இருப்பாரு.”

சாயங்காலம் வாளியக்கா பார்லர் நாற்காலியில் கழுத்துவரை துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

“உன் அழுக்கை எல்லாம் அவ எடுத்துட்டா, நான் எதைப் பாத்து உன்னை அடையாளம் கண்டுபிடிக்கறது?”

“வாயை வச்சுக் கண்டுபிடிங்க,” என்றாள் மருமகள். புது டப்பாவைத் திறந்து அதே நாலாவது குழியில் பிரஷ்ஷைத் தொட்டு, இடது இமையில் பூசினாள். “ஆடாதீங்க அத்தை. தூசி உதிர்ந்துடும்.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் நுழைந்தார். கையில் ஒரு துணி மூட்டை. வாளியக்கா பதறித் திரும்பினாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த எட்டு பல்பின் வெளிச்சமும் அவள் இடது கண்ணில் விழுந்தது. கண் ஜிகுஜிகுவென்று மின்னியது.

டாக்டர் கிட்டே வந்தார். பழக்க தோஷம், சட்டைப்பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து இமையில் அடித்துப் பார்த்தார். அப்புறம் மேஜையில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். மருமகள் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினாள்.

“பிரேக் தூசி?” என்றார் டாக்டர்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் வாளியக்கா வாளியக்காதான். “ஆமா,” என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து. “முப்பத்தொரு வருஷமா ஒட்டினது. கழுவிக் கழுவிப் பாத்தேன், போகல.”

தையல்காரர் வாசலைவிட்டு மெல்ல நகர்ந்தார். டாக்டர் டார்ச்சை அணைத்தார். நாளைக்கு மெயின் லைனா சைடிங்கா என்பது அவர் வாயில் இருந்தது. அந்த வாயோ திறப்பேனா என்றது.

“ஒவ்வொரு அழுக்குக்கும் காரணம் வேணும்னுதான் எழுதிக் குடுத்தேன்,” என்றார் கடைசியில். “உண்மையான காரணம் வேணும்னு எழுதல. தப்பு என்னோடது.”

சொல்லிவிட்டுத் துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே அவருடைய எஞ்சின், கீறல் இல்லாமல், தூசி இல்லாமல், முகம் பார்க்கலாம்போல் இருந்தது.

“நாளைக்கு உங்க பெட்டியை இதுதான் இழுக்கணும். முன்னால பளபளன்னு இது, பின்னால அப்படி அது. ஜோடி சேராது. ஜனங்க என்னைத்தான் பாத்துச் சிரிப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சமா... ரொம்ப வேணாம்... வாந்தி வேணவே வேணாம்.”

“வச்சிட்டுப் போங்க டாக்டர். இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு.”

அவர் போனதும் வாளியக்கா சாய்ந்து உட்கார்ந்து வலது கண்ணை மூடிக்கொண்டாள். மருமகள் பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தாள்.

“ஏய், கொஞ்சமா பூசு,” என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே. “எஞ்சினுக்கு மிச்சம் வேணும்.”